பொட்டைக் குட்டிக்கும் வீட்டில் இடம் உண்டு

சுவர் ஓரத்தில் ஒரு சாக்கு. வாய் பாதி கட்டியிருக்கிறது. உள்ளே முனகல் சத்தம்.

பிரித்துப் பார்த்தால் நாலு நாய்க்குட்டிகள். கண் திறந்து பத்து நாள்கூட ஆகியிராது. யாரோ இரவோடு இரவாகக் கொண்டு வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சங்கரன்கோவிலில் விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்கும், முதல் பஸ்சுக்கு நிற்கிறவர்களுக்கும் இது புதிய காட்சி அல்ல. தமிழ்நாட்டில் எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும், "எங்கள் ஊரிலும் இப்படித்தான்" என்பார். கோவில் வாசல், மார்க்கெட், பஸ் நிலையம் இந்த மூன்று இடங்களில்தான் குட்டிகளை அதிகமாகப் போடுகிறார்கள். ஜனங்கள் வந்து போகிற இடம். யாராவது சோறு போட்டுவிடுவார்கள் என்ற நினைப்பு. போடுகிறவருக்கும் கொஞ்சம் மனசாட்சி இருக்கிறது போலும்!

அந்த நாலு குட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் நாலும் பெண்ணாக இருக்கும். தப்பினால் மூன்றாவது பெண்ணாக இருக்கும்.

ஆண் குட்டிகள் எங்கே? அவை பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டன. தோட்டக் காவலுக்கு ஒன்று, ஆட்டுக் கிடைக்கு ஒன்று என்று ஆள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்த பொட்டைக் குட்டிகள் சாக்குக்கு வந்துவிட்டன.

பள்ளிக்கூடம் போகிற பையன் அதில் ஒன்றைத் தூக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். பிறகு நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"ஏல, எங்கிருந்துல தூக்கிட்டு வந்த?"

"கோவில் பக்கம் கெடந்துச்சும்மா. பாவமா இருக்கும்மா."

"ஆணா, பொட்டையா?"

பையன் விழிக்கிறான். அம்மாவே பார்த்துவிடுகிறாள்.

"பொட்டைல்லா! எடுத்த எடத்துலயே விட்டுட்டு வந்துரு. ஒங்க அய்யா வந்தா வைவாக."

அந்த அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட முடியாது. குட்டியைக் கொண்டு வருகிறவன் பையன். பெயர் வைக்கிறவள் தங்கச்சி. "காவலுக்கு ஆகும்" என்று அனுமதி கொடுக்கிறவர் அப்பா. ஆனால் சோறு வைப்பவள், மூத்திரத்தைத் துடைப்பவள், இரவில் அது கத்தினால் எழுந்து பார்ப்பவள் எல்லாம் அம்மாதான். நாய் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் உயிரோடு இருக்கும் பிராணி. பையன் படித்து வேலைக்குப் போய்விடுவான். நாய் அம்மாவிடம் இருக்கும். இது அம்மாவுக்குத் தெரியும். ஆகவே முதல் கேள்வியை அவளிடம்தான் கேட்க வேண்டும். அவள் சம்மதம் இல்லாமல் ஒரு வீட்டில் நாய் வளராது.

அவள் சம்மதிக்க வேண்டுமானால், வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள மற்றவர்கள் முன்வர வேண்டும். அதோடு, பொட்டைக் குட்டியைப் பற்றிய பயமும் தீர வேண்டும்.

விமானி வீட்டுக்கு வந்த குட்டிகள்

இதே மாதிரி ஒரு சம்பவம் 1959-ம் ஆண்டு சென்னையில் நடந்தது.

நல்ல மழை. தியாகராய நகரில் தெருவெல்லாம் வெள்ளம். காரில் போய்க்கொண்டிருந்த ஒருவர், தண்ணீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைப் பார்த்தார். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் கேப்டன் வி. சுந்தரம். பெயர் பெற்ற விமானி. அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானிதான். இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு விமானம் ஓட்ட வந்த முதல் பெண் என்று பெயர் எடுத்தவர். 1951-ல் இந்தத் தம்பதிகள் லண்டனில் இருந்து பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டி வந்து சாதனை செய்தார்கள்.

ஆகாயத்தில் பறந்தவர்கள் வீட்டில் தரையில் இரண்டு குட்டிகள் தவழ்ந்தன. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கவனித்தார்கள். அந்த வீட்டில் தொடங்கியதுதான் "புளூ கிராஸ்" என்ற பிராணிகள் நலச் சங்கம். 1964-ல் அது முறைப்படி பதிவு செய்யப்பட்டது. வீட்டு வேலையாகத் தொடங்கியது, ஊர் அறிந்த ஸ்தாபனம் ஆகிவிட்டது.

குட்டி எடுக்கிறவர்கள் எல்லாம் சங்கம் தொடங்க வேண்டும் என்பது இல்லை. ஆனால் இந்தக் குடும்பம் செய்த மற்றொரு காரியத்தை அறிந்துகொள்ள வேண்டும். அதில்தான் பொட்டைக் குட்டியின் விமோசனம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் தெரு நாய் பெருகினால் நகரசபைக்காரர்கள் பிடித்துக் கொண்டுபோய்க் கொன்றுவிடுவார்கள். சென்னையில் இந்தப் பழக்கம் 1860-ம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. நூறு வருஷம் கொன்றும் நாய் குறையவில்லை. ஒரு தெருவில் நாய் ஒழிந்தால், அங்கே குப்பையும் எச்சில் இலையும் இருக்கிற வரையில், அடுத்த தெரு நாய் வந்து குடியேறும். அது அங்கே குட்டி போடும். மறுபடியும் கணக்கு பழையபடி ஆகிவிடும்.

"கொல்வதை விடுங்கள். ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள்" என்று 1964-ல் இருந்தே புளூ கிராஸ் சொன்னது. சொன்னதோடு நிற்காமல் தானே செய்தும் காட்டியது. சென்னை மாநகராட்சி அந்த யோசனையை ஏற்றுக்கொண்டது 1996-ல். முப்பத்திரண்டு வருஷம்! நல்ல யோசனைக்கு நம் நாட்டில் பொறுமையும் வேண்டியிருக்கிறது.

பிறகு 2001-ல் இந்திய அரசாங்கமே இதற்கு விதிகள் போட்டது. 2023-ல் அந்த விதிகளைத் திருத்திப் புதிதாகக் கொண்டுவந்தது. காதில் சிறு வெட்டு உள்ள தெரு நாயைப் பார்த்தால், அதற்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

பயத்துக்கு மருந்து

பொட்டைக் குட்டி ஏன் வேண்டாம் என்கிறார்கள்? "வருஷத்துக்கு இரண்டு தடவை குட்டி போடும். பருவ காலத்தில் ஊர் நாயெல்லாம் வாசலில் வந்து நிற்கும். குட்டிகளை என்ன செய்வது?" இதுதான் காரணம். காரணம் நியாயமானதே.

கணக்குப் பாருங்கள். பெண் நாய் பொதுவாக வருஷத்தில் இரண்டு தடவை பருவத்துக்கு வரும். சினைக் காலம் சுமார் 63 நாள். ஒரு ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி. இரண்டு ஈற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு. அந்தக் குட்டிகளில் பாதி பெண். அவையும் ஒரு வருஷத்துக்குள் தாயாகும். சாக்குப் பையோடு இரவில் நடக்கிற ஆள் இப்படித்தான் உண்டாகிறான்.

கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் இந்தக் கவலை ஒன்றுகூட இல்லை. குட்டி இல்லை. வாசலில் கூட்டம் இல்லை. பெண் நாய்களுக்கு வருகிற கருப்பை நோயும், மார்புக் கட்டியும்கூட மிகவும் குறைந்துவிடும். குட்டிக்கு ஆறு மாதம் ஆனதும் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி நாள் குறித்துக்கொள்ளலாம்.

"ஆபரேஷன் செய்தால் காவல் காக்காது" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. காவல் காப்பது நாயின் சுபாவம். அது கருப்பையில் இல்லை. சொல்லப்போனால், வீட்டைவிட்டு நாலு நாள் காணாமல் போகிற வழக்கம் ஆண் நாய்க்குத்தான் அதிகம். பெண் நாய் வீட்டோடு கிடக்கும்.

சங்கரன்கோவில் அம்மன் தவம் நின்ற ஊர். ஆடித் தபசு நாளில் கோமதி அம்மனைத் தரிசிக்கத் தென்பாண்டிச் சீமையே திரண்டு வருகிறது. அம்மனின் தவத்துக்கு இரங்கி, சிவனும் திருமாலும் ஓர் உடம்பில் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார்கள் என்பது தல வரலாறு. இந்தப் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் கோமதி என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பாம்புக்குக்கூட இங்கே மரியாதை உண்டு. வெள்ளியில் நாகம் செய்து காணிக்கை போடுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், பெண்ணாய்ப் பிறந்த ஒரே காரணத்துக்காக ஒரு வாயில்லா ஜீவன் சாக்கில் கிடப்பது பொருந்தவில்லை.

தூக்குவதற்கு முன்னால்

தெருவில் குட்டியைக் கண்டதும் தூக்கிவிடக் கூடாது. இதைப் பலர் அறிவதில்லை.

சாக்கிலோ பெட்டியிலோ போட்ட குட்டி என்றால் வேறு. ஆனால் ஓடை ஓரத்திலோ, பாழடைந்த வீட்டுத் திண்ணையிலோ குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கினால், வயிறு உருண்டையாக இருந்தால், தாய் இரை தேடப் போயிருக்கிறது என்று அர்த்தம். தூர நின்று இரண்டு மூன்று மணி நேரம் கவனிக்க வேண்டும். தாய் இருக்கும்போது பால்குட்டியைத் தூக்குவது அதற்குச் செய்கிற உபகாரம் ஆகாது. எட்டு வாரம் வரையில் குட்டி தாயோடு இருப்பது நல்லது. பாலும் கிடைக்கும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதையும் அது தன் கூடப் பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது.

தாய் இல்லை, குட்டி குளிரில் நடுங்குகிறது, ஈ மொய்க்கிறது என்றால் தாமதிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் செய்கிற காரியம், கிண்ணத்தில் பாலை ஊற்றி முன்னால் வைப்பதுதான். அதற்கு முன் சூடு வேண்டும். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது. பழைய சேலையில் சுற்றி, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் பொதிந்து பக்கத்தில் வைத்தால், கொஞ்ச நேரத்தில் உடம்பு கதகதப்பாகிவிடும். பிறகு பால். பசும்பால் சில குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். டாக்டரைக் கேட்டு, நாய்க்குட்டிக்கு என்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்துக் கொடுப்பது உத்தமம். குழந்தையை மடியில் போட்டுப் புகட்டுவதுபோல் மல்லாத்திப் புகட்டக் கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோல் குப்புறப் படுக்க வைத்தே கொடுக்க வேண்டும்.

கண் திறக்காத குட்டி தானாக மூத்திரம் போகாது. தாய் நக்கிக் கொடுக்கும். தாய் இல்லாத வீட்டில் ஈரப் பஞ்சால் லேசாகத் துடைத்துவிட வேண்டும்.

பல் முளைத்து ஓடியாடுகிற குட்டிக்கு வீட்டுச் சாப்பாடே போதும். குழைந்த சோறு, முட்டை, காரம் மசாலா இல்லாமல் வெந்த கறி. பிரியாணிக்குப் பெயர் போன ஊரில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வெந்த கோழி எலும்பு பல்லில் பட்டால் ஊசி ஊசியாகப் பிளக்கும். குடலைக் கிழித்துவிடும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் இவை நாய்க்கு விஷம். குழந்தைகள் ஆசையோடு கொடுக்கிற சாக்லேட் வில்லையைத்தான் முதலில் தடுக்க வேண்டும்.

வீட்டில் வேறு நாய் இருந்தால், புதுக் குட்டியை இரண்டு வாரம் தனியே வைப்பது நல்லது. "பார்வோ" என்று ஒரு நோய் இருக்கிறது. ரத்த ரத்தமாகப் போகும். சில நாளில் குட்டி செத்துவிடும். அதன் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே, முன்னே இப்படி ஒரு குட்டி இறந்த வீட்டில், தடுப்பூசி போடாத குட்டியை உடனே கொண்டுவந்து விடக் கூடாது. இந்த நோய்க்கான தடுப்பூசியை ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறையாக, பதினாறு வாரம் ஆகும் வரையில் போட வேண்டும். குடல்புழு மருந்தும் கொடுக்க வேண்டும். தெருக்குட்டியின் வயிறு பானை மாதிரி இருந்தால் அது சாப்பிட்ட வயிறு என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அது புழு வயிறு.

முதல் இரண்டு மூன்று ராத்திரி குட்டி அழும். அக்கம்பக்கத்தார் ஏசுவார்கள். பழைய துணியோடு வீட்டார் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தால் அழுகை அடங்கும். வீட்டுக்குள் அசிங்கம் செய்தால் அடிப்பதிலும், மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ப்பதிலும் பலன் இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போனால் சில வாரத்தில் பழகிவிடும்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. தெருவில் இருந்து வந்த குட்டிக்கு "மணி" என்றும், காசு கொடுத்து வாங்கிய குட்டிக்கு "சீசர்" என்றும் பெயர் வைப்பது நம்மவர் வழக்கம். நாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

புற்றுமண்ணும் சோப்பும்

இனிச் சொல்லப்போவதை வீட்டில் உள்ள அனைவரும் கவனமாகப் படிக்க வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஆச்சிமார்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

குட்டி விளையாட்டாகக் கடிக்கும். நகத்தால் கீறும். "குட்டிதானே, பால் பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது பெரிய ஆபத்து. வெறிநோய் குட்டிக்கும் வரும். நோய்க்குறி தெரிந்த பிறகு, மனுஷனானாலும் நாயானாலும் பிழைப்பது இல்லை என்றே சொல்லலாம். உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 59 ஆயிரம் பேர் இதனால் சாகிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிவரும் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில். பத்துக்கு நாலு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நாயோடு விளையாடுகிறவர்கள் அவர்கள்தானே!

கடித்தால் என்ன செய்கிறார்கள்? மிளகாய்ப்பொடி அப்புகிறார்கள். சுண்ணாம்பு தடவுகிறார்கள். காப்பித்தூள் வைக்கிறார்கள். மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். சங்கரன்கோவிலில் புற்றுமண் பிரசாதம் விசேஷம். விஷக்கடிக்கும் தோல் நோய்க்கும் அதை நம்புகிறவர்கள் பல ஊரில் இருந்து வருகிறார்கள். புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளட்டும். பக்திக்குக் குறைவு வேண்டாம். ஆனால் நாய் கடித்த காயத்தில் எந்த மண்ணும் படக் கூடாது.

காயத்துக்கு வேண்டியது சோப்பும் தண்ணீரும். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும். பதினைந்து நிமிஷம் என்பது கொஞ்ச நேரம் அல்ல. கடிகாரத்தைப் பார்த்துச் செய்தால்தான் தெரியும். கட்டுப் போடக் கூடாது. உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். அன்று ஒன்று, பிறகு 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று கணக்கு. கையில் தோலுக்குள் போடும் சிறு ஊசிதான். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியே வேறொரு மருந்தும் போடுவார்கள். இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டு, "நல்லாத்தானே இருக்கான்" என்று இருந்துவிடக் கூடாது.

வயதானவர்களுக்கு இந்த ஊசி என்றால் நடுக்கம். "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி" என்பார்கள். அது உண்மையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1885-ல் பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையனுக்கு முதல் முதலாக ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். 1902-ல் குன்னூரில் ஓர் ஆங்கிலப் பெண் இந்த நோயால் இறந்தார். பிறகு 1907-ல் அங்கே பாஸ்டர் நிலையம் தொடங்கினார்கள். ஆட்டு மூளையில் இருந்து செய்த பழைய மருந்தைத்தான் வயிற்றில் போட்டுவந்தார்கள். அது 2005-க்குள் இந்தியாவில் அடியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே பாட்டி சொல்லும் பதினாலு ஊசிக்கு இப்போது யாரும் பயப்பட வேண்டாம்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு ஒரு வருஷத்தில் மறுபடியும். அதன் பின் டாக்டர் சொல்கிறபடி. அந்தச் சீட்டை ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வைப்பது நல்லது.

கோர்ட்டு சொன்னது

தெரு நாய்ப் பிரச்சினை 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. டெல்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று ஆகஸ்டு 11-ந் தேதி இரண்டு நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். நாடு முழுவதும் பரபரப்பு. ஆகஸ்டு 22-ந் தேதி மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். ஆபரேஷன் செய்து ஊசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம்; வெறிநோய் கண்டதையும், சந்தேகம் உள்ளதையும், மூர்க்கமாகக் கடிப்பதையும் விடக் கூடாது; கண்ட இடத்தில் சோறு போடாமல் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் போட வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருந்து நாய்களை அகற்ற வேண்டும் என்று நவம்பர் 7-ந் தேதி மற்றோர் உத்தரவு வந்தது.

ஆகஸ்டு 22-ந் தேதி உத்தரவில் ஒரு சிறு பகுதி உண்டு. செய்தியில் அது அவ்வளவாக அடிபடவில்லை. தெரு நாயை எடுத்து வளர்க்க விரும்புகிறவர்கள் நகராட்சிக்கு விண்ணப்பம் கொடுக்கலாம். எடுத்த நாயை மறுபடியும் தெருவில் விடக் கூடாது என்பதே அது. எடுப்பது இஷ்டம். எடுத்த பிறகு விடுவது இஷ்டம் அல்ல.

நாய் மீது இரக்கம் காட்டுகிறவர்கள் கடிபட்ட குழந்தையின் வீட்டுக்கும் ஒரு முறை போய்வர வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் "நாயும் ஒரு உயிர்தானே" என்று யாரும் பேச முடியாது. அவர்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், சாயங்காலம் அடுத்த வீட்டு வாசலில் நாலு நாய்க்குச் சோறு போட்டுவிட்டுத் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்களும்தான். சோறு போடுகிறவர் ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் பொறுப்பு ஏற்காவிட்டால், அது அரைத் தர்மம். தெருவில் பத்து நாய்க்குச் சோறு போடுவதைவிட, ஒரு பொட்டைக் குட்டியை வீட்டுக்கு எடுத்து வளர்ப்பது தெருவுக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது.

சாதி நாய் மோகம்

சங்கரன்கோவிலுக்கு வடக்கே ராஜபாளையம். அந்த ஊர் நாய்க்கு 2005-ல் இந்தியத் தபால் இலாகா தபால் தலையே வெளியிட்டது. கரிசல் சீமையில் சிப்பிப்பாறை. கன்னி நாயும் இந்தப் பக்கத்துச் சொத்துதான். 2020-ல் பிரதமர் மோடி வானொலிப் பேச்சில் இந்த நாட்டு இனங்களின் பெயரைச் சொன்னார். ஊருக்குப் பெருமைதான்.

ஆனால் பெருமையோடு மோகமும் வந்துவிட்டது. சுத்த வெள்ளை ராஜபாளையம் வேண்டும் என்று காசைக் கொட்டி வாங்குகிறார்கள். வெள்ளை நிறத்துக்காகவே சேர்த்துச் சேர்த்து வளர்த்ததில், காது கேளாத குட்டிகள் அதிகம் பிறக்கின்றன. தெருவில் பிறந்த நாட்டுக் குட்டிக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. இந்த வெயிலுக்கும் சோற்றுக்கும் பழகிய உடம்பு. ரொம்ப மயிர் உள்ள சீமை நாயைப் போல மின்விசிறிக்கு அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்காது. சிவன் கோவிலில் பைரவர் பின்னால் நிற்பது எந்தச் சாதி நாய் என்று யாரும் கேட்டது இல்லை. தருமரோடு கடைசி வரை மலை ஏறியதும் பெயர் தெரியாத ஒரு நாய்தான்.

எடுத்து வளர்ப்பவர் பலர் வளர்ந்த பிறகு நாயை முழு நேரமும் சங்கிலியில் போட்டுவிடுகிறார்கள். அது குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் ராஜ்யசபை அங்கத்தினர் ஆனார். பிராணிகளை வதைப்பதைத் தடுக்க அங்கே தனி மசோதா கொண்டுவந்தார். அதன் விளைவாக அரசாங்கமே 1960-ல் சட்டம் செய்தது. எப்போதும் கட்டிப்போட்ட நாயை உலவ விடாமல் இருப்பது அந்தச் சட்டப்படி கொடுமை. 1962-ல் பிராணிகள் நல வாரியம் சென்னையில் தொடங்கியபோது அம்மையாரே அதன் தலைவர். பரதநாட்டியத்துக்காக அவரை நினைக்கிறவர்கள் இதற்காகவும் நினைக்கலாம். அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அன்று 50 ரூபாய் பெரிய பணம். இன்று டீக்கடையில் மூன்று பேர் காப்பி குடிக்கிற காசு. தொகையை உயர்த்த வேண்டியது அவசியம்.

வைத்தியத்துக்கு எங்கே போவது என்று திகைக்க வேண்டியதில்லை. அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் மாடு, ஆடு மட்டும் பார்ப்பார்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். நாயும் பார்ப்பார்கள். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்சைக் கூப்பிட 1962 என்ற எண் உண்டு. வாரியம் பிறந்த வருஷமும் அந்த எண்ணும் ஒன்றாக இருப்பதால் மறக்காது.

ஆபரேஷன் முடிந்து வந்த நாயைப் பத்து நாள் வரையில் குளிப்பாட்டக் கூடாது. தையலை நக்கவிடக் கூடாது. மாடிப்படி ஏறவிடாமல், ஓடவிடாமல், காய்ந்த சாக்கில் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நாளில் தையல் பிரிப்பார்கள். அந்தப் பத்து நாளும் அம்மாவுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, தூக்கி வந்த பையனே பார்த்துக்கொள்ளட்டும்.